என்ஜினைத் திருப்பிய வட்ட மேடைகள் எங்கே?

நீராவி என்ஜினோடு மறைந்து வரும் 'டர்ன் டேபிள்'கள்

சென்னையில் இருந்து புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரெயில் பெங்களூர் வந்து நிற்கிறது. பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிறார்கள். போர்ட்டர்கள் ஓடுகிறார்கள்.

வந்த என்ஜினே திரும்பிப் போக வேண்டும் என்றால் என்ன செய்கிறார்கள்?

டிரைவர் தன் பையை எடுத்துக்கொள்கிறார். என்ஜினின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு நடக்கிறார். அங்கேயும் ஒரு கண்ணாடி ஜன்னல், ஓர் இருக்கை, அதே கைப்பிடிகள். உட்கார்ந்தால் என்ஜின் கிளம்பி விடும். மின்சார என்ஜினுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதமே கிடையாது.

நீராவி என்ஜின் ஓடிய காலத்தில் இது இவ்வளவு சுலபமாக முடியாது. என்ஜினைத் தனியே கழற்றி, ஷெட்டுக்குக் கொண்டு போய், ஒரு வட்டமான மேடையில் ஏற்றி, ஆட்கள் தள்ளிச் சுற்றி, முகத்தைத் திருப்பிய பிறகுதான் அடுத்த பயணம்.

அந்த மேடைக்குப் பெயர் 'டர்ன் டேபிள்'. தமிழில் சொன்னால் சுழல் மேடை. 60 வயதைத் தாண்டிய ரெயில்வே தொழிலாளர்களிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். அவர்களுடைய பிள்ளைகளிடம் சொன்னால் 'அது என்ன?' என்று கேட்பார்கள்.

உலகம் முழுவதும் இந்த மேடைகளும், அவற்றைச் சுற்றி எழுந்த வட்டக் கொட்டகைகளும் ஒவ்வொன்றாக மறைந்து விட்டன. மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான்.

முகமும் முதுகும்

நீராவி என்ஜினுக்கு முகமும் உண்டு; முதுகும் உண்டு.

முன்னால் நீண்ட பாய்லர். அதன் நுனியில் புகைபோக்கி. பின்னால் டிரைவரும் ஃபயர்மேனும் நிற்கும் இடம். அதற்கும் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து வரும் 'டெண்டர்'.

இந்த என்ஜின் பின்பக்கமாக ஓடாதா? ஓடும். ஆனால் தொல்லை அதிகம்.

டெண்டரில் குவிந்துள்ள கரி டிரைவரின் பார்வையை மறைக்கும். சிக்னல் சரியாகத் தெரியாது. எதிர்க்காற்றில் கரித்தூள் பறந்து வந்து கண்ணில் விழும். மழை பெய்தால் முதுகில் அடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. என்ஜினின் முன்னால் இருக்கும் சிறு சக்கரங்கள் வளைவுகளில் அதற்கு வழிகாட்டும். பின்னோக்கி ஓடும்போது அந்த உதவி அப்படியே கிடைக்காது. ஆகவே டெண்டர் முன்னே போகும்படி ஓட்டினால் வேகத்துக்குக் கட்டுப்பாடு விதிப்பார்கள். மெயில் வண்டி மெதுவாக ஓட முடியுமா?

தண்ணீரையும் கரியையும் தன் உடம்பிலேயே சுமக்கும் சிறிய 'டேங்க்' என்ஜின்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. அவை இரண்டு பக்கமும் ஓடும். எனவே அவற்றைப் புறநகர் ரெயில்களுக்கும், ஷண்டிங் வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். நெடுந்தூரம் ஓடும் பெரிய என்ஜினைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

நாலு பேர் தள்ளினால் போதும்!

சுழல் மேடையின் அமைப்பு மிகவும் எளிமையானது.

தரையில் வட்டமான பெரிய குழி. அதைச் சுற்றிக் கல் அல்லது செங்கல் சுவர். குழியின் நடுவில் உறுதியான ஓர் அச்சு. அந்த அச்சின் மேல் ஓர் இரும்புப் பாலம். பாலத்தின் மேல் தண்டவாளம். பாலத்தின் இரு முனைகளிலும் சிறு சக்கரங்கள் இருக்கும். குழியின் ஓரத்தில் வட்டமாகப் போட்ட ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் அவை உருளும்.

வெளியில் இருந்து வரும் தண்டவாளமும் பாலத்தின் தண்டவாளமும் நேராக அமைந்ததும் ஒரு தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டுவார்கள். என்ஜின் மெல்ல ஊர்ந்து மேடையில் ஏறும். பிறகு தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, பாலத்தின் முனையில் உள்ள நீண்ட கட்டையைப் பிடித்து ஆட்கள் தள்ளுவார்கள். செக்கு சுற்றுவது போல மேடை சுற்றும். அரை வட்டம் போனதும் நிறுத்தி, மறுபடி தாழ்ப்பாள். என்ஜின் இறங்கும்போது அதன் முகம் எதிர்த் திசையைப் பார்க்கும்.

100 டன் எடை உள்ள என்ஜினை நாலைந்து பேர் தள்ள முடியுமா?

முடியும். அதன் இரகசியம் தராசுதான்.

என்ஜினின் மொத்த எடையும் நடு அச்சின் மேல் சரியாக உட்கார வேண்டும். முன்பாரமும் பின்பாரமும் சமமானால் மேடை லேசாகச் சுற்றும். ஒரு பக்கம் பாரம் கூடிவிட்டால் அந்த முனையில் உள்ள சக்கரங்கள் தண்டவாளத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிறகு எத்தனை பேர் மூச்சுப் பிடித்துத் தள்ளினாலும் அசையாது.

இங்கேதான் டிரைவரின் கைத்திறமை தெரியும். என்ஜினை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். நேற்று நின்ற இடத்தில் இன்று நிறுத்தினால் போதாது. டெண்டரில் தண்ணீர் நிரம்பி இருந்தால் ஒரு கணக்கு. காலியாக இருந்தால் வேறு கணக்கு. கரி தீர்ந்திருந்தால் அது இன்னொரு கணக்கு. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர்களே செய்தார்கள்.

ஆபத்தும் உண்டு. மேடை சரியாக நேராகும் முன்பு என்ஜினை நகர்த்திவிட்டால் அது குழிக்குள் தலைகுப்புற இறங்கிவிடும். பிறகு கிரேன் வந்து தூக்கும் வரையில் அந்த ஷெட்டின் வேலை ஸ்தம்பித்துவிடும்.

பிற்காலத்தில் மின்சார மோட்டார் வைத்துச் சுற்றும் மேடைகள் வந்தன. இங்கிலாந்தில் என்ஜினின் வாக்குவம் பிரேக் சக்தியையே குழாய் மூலம் எடுத்து, அதைக்கொண்டு மேடையைச் சுற்றும் முறையும் இருந்தது. கார்லைல் நகரில் இருந்த கோவன்ஸ் ஷெல்டன், இப்ஸ்விச் நகரில் இருந்த ரான்சம்ஸ் அண்ட் ரேப்பியர் ஆகிய கம்பெனிகள் இந்த மேடைகளைச் செய்வதில் பெயர் பெற்றவை.

வட்டக் கொட்டகை

மேடை இருந்தால் இன்னொரு வசதியும் கிடைக்கும்.

குழியைச் சுற்றிலும் விசிறி போலத் தண்டவாளங்களைப் போடலாம். ஒவ்வொரு தண்டவாளத்திலும் ஓர் என்ஜின் நிற்கும். மேடையை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்த என்ஜின் வெளியே வரும். மற்ற என்ஜின்களை நகர்த்த வேண்டியதில்லை. 'பாயிண்ட்ஸ்' செலவும் மிச்சம். இதற்கு மேல் கூரை போட்டால் அதுதான் வட்டக் கொட்டகை. வெள்ளைக்காரர்கள் 'ரவுண்ட் ஹவுஸ்' என்றார்கள்.

இங்கிலாந்தில் டெர்பி நகரில் 1839-ம் ஆண்டு கட்டப்பட்ட வட்டக் கொட்டகை இன்றும் நிற்கிறது. உலகில் மிஞ்சியிருப்பவற்றில் அதுவே மிகப் பழமையானது. அமெரிக்காவில் ரெயில் பாதை போன இடமெல்லாம் இத்தகைய கொட்டகைகள் எழுந்தன. பனிக் காலத்தில் என்ஜினும் ஆளும் வெளியில் நிற்க முடியாது என்பதால் அங்கே கூரை அவசியமாக இருந்தது.

இதில் ஒரு குறையும் உண்டு. நடுவில் உள்ள மேடை ஒன்று கெட்டுவிட்டால், சுற்றி நிற்கும் அத்தனை என்ஜின்களும் சிறைப்பட்டு விடும்!

இந்தியாவில் முழு வட்டக் கொட்டகைகள் அபூர்வம். இங்கே பெரும்பாலும் நீளவாக்கில் கட்டிய ஷெட்டுகள்தான். இரண்டு பக்கமும் திறந்திருக்கும். புகையும் வெப்பமும் வெளியேறும். என்ஜினைத் திருப்புவதற்கு ஷெட்டின் பக்கத்தில் ஒரு சுழல் மேடை இருக்கும். நிலம் தாராளமாகக் கிடைத்த ஜங்ஷன்களில் முக்கோணப் பாதை போட்டார்கள். அதில் என்ஜின் ஒரு மூலையில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனால் முகம் திரும்பிவிடும்.

என்ஜின்கள் வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போனது மேடைகளுக்கு வந்த முதல் சோதனை. பழைய என்ஜினுக்கு அளவெடுத்துக் கட்டிய மேடையில் புதிய என்ஜின் அடங்காது. முக்கோணப் பாதைக்கு அந்தக் கவலை இல்லை. எவ்வளவு நீள என்ஜினும் அதில் திரும்பும். ஆக, நீராவிக் காலத்திலேயே சுழல் மேடைக்குப் போட்டி வந்துவிட்டது.

மேடையைச் சுற்றி ஓர் ஊர்

சுழல் மேடை என்பது வெறும் இரும்பு அல்ல. அதைச் சுற்றி ஓர் ஊரே வாழ்ந்தது.

லோகோ ஷெட்டுக்கு இரவு, பகல் கிடையாது. குளிர்ந்து கிடக்கும் என்ஜினில் தீ மூட்டி, ஓடும் அளவுக்கு நீராவி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். விடியற்காலை வண்டிக்கு நள்ளிரவுக்கு முன்பே அடுப்பு பற்ற வேண்டும். பயணம் முடித்து வந்த என்ஜினில் தீயை இறக்க வேண்டும். சாம்பலைக் குழியில் தள்ள வேண்டும். பாய்லரைக் கழுவ வேண்டும். புகைக் குழாய்களில் அடைத்த கரியைச் சுரண்ட வேண்டும். டெண்டரில் கரி நிரப்ப வேண்டும். பல ஷெட்டுகளில் ஆண்களும் பெண்களும் கூடையில் கரி சுமந்து, மேடை ஏறிக் கொட்டினார்கள்.

வேலைக்குச் சேர்ந்தவுடன் யாரும் டிரைவர் ஆகிவிட முடியாது. முதலில் கிளீனர். எண்ணெய்த் துணியால் என்ஜினைத் துடைப்பதுதான் வேலை. பிறகு ஃபயர்மேன். பிறகு ஷண்டர். அதன் பிறகு கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர் டிரைவர். கடைசியில் மெயில் டிரைவர். மெயில் டிரைவர் தெருவில் நடந்தால் ரெயில்வே காலனியே மரியாதை செய்யும். அந்த இடத்தை எட்டும்போது பெரும்பாலோருக்குத் தலை நரைத்திருக்கும்.

'கால் பாய்' என்று ஒரு வேலை இருந்தது. கையில் ஒரு புத்தகம். நள்ளிரவில் டிரைவர், ஃபயர்மேன் வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டி எழுப்பி, 'இத்தனை மணிக்கு இந்த வண்டி' என்று சொல்லி, புத்தகத்தில் கையெழுத்து வாங்கிப் போவார். வீட்டில் போன் இல்லாத காலம். அவர் தட்டும் சத்தம் கேட்டால் மனைவி எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். சாப்பாட்டுக் கேரியர் தயாராகும்.

தமிழர்களுக்கும் இந்த ஷெட்டுகளுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1908-ல் உருவான மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரெயில்வேயின் தலைமையகம் சென்னை. அதன் பாதைகள் பெங்களூர், குண்டக்கல், ஹூப்ளி, பூனா என்று நீண்டன. 1951 ஏப்ரல் 14-ந் தேதி அந்தக் கம்பெனியும், சவுத் இந்தியன் ரெயில்வேயும், மைசூர் ரெயில்வேயும் இணைந்து தெற்கு ரெயில்வே பிறந்தது. 1966 அக்டோபர் 2-ந் தேதி தென்மத்திய ரெயில்வே அமையும் வரையில் ஹூப்ளி கூடத் தெற்கு ரெயில்வேயில்தான் இருந்தது.

ஆகவே மாற்றல் உத்தரவு வந்தால் அரக்கோணத்து ஃபயர்மேன் குண்டக்கல்லுக்குப் போனார். ஜோலார்பேட்டை பிட்டர் ஹூப்ளிக்குப் போனார். கணக்குப் பார்க்கக் குமாஸ்தாக்களும் போனார்கள். போன இடத்தில் குவார்ட்டர்ஸ், பக்கத்திலேயே ஒரு மாரியம்மன் கோவில், பங்குனி உத்திரம், தமிழ்ப் பத்திரிகை என்று வாழ்க்கை வேர்விட்டது. இன்று கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் உள்ள பல தமிழ்க் குடும்பங்களின் கதை, ஏதோ ஒரு லோகோ ஷெட்டின் வாசலில்தான் தொடங்குகிறது.

போராட்டக் களம்

ஷெட் என்றால் உழைப்பு மட்டும் அல்ல. உரிமைக் குரலும் அங்கே இருந்துதான் கிளம்பியது.

என்ஜினில் ஏறினால் எப்போது இறங்குவோம் என்று தெரியாது. சிக்னல் கிடைக்காமல் கூட்ஸ் வண்டி வழியில் நின்றால் 14 மணி, 16 மணி நேரம்கூட அனலின் முன்னால் நிற்க வேண்டும். வேலை நேரத்தை 10 மணியாக வரையறுக்க வேண்டும் என்பதே 1973-ம் ஆண்டு லோகோ தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின் முக்கியக் கோரிக்கை.

அடுத்த ஆண்டு, 1974 மே 8-ந் தேதி, ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் அகில இந்திய ரெயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள் அதில் பங்கு கொண்டார்கள். 20 நாள் நீடித்து மே 27-ந் தேதி முடிந்தது. கைதானவர்கள் ஆயிரக்கணக்கானோர். வேலையை இழந்தவர்களும் ஏராளம். குவார்ட்டர்சைக் காலி செய்யச் சொல்லிக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய சம்பவங்களும் நடந்தன.

ஷெட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் நாட்டில் ரெயில் ஓடாது. அந்த நாட்களில் அது எல்லோருக்கும் புரிந்தது.

கணக்கு சொல்லும் கதை

நீராவி என்ஜின் எப்படி மறைந்தது? ரெயில்வேயின் கணக்கே அதைச் சொல்லும்.

1950-51-ல் இந்திய ரெயில்வேயில் இருந்த நீராவி என்ஜின்கள் 8,120. அப்போது டீசல் என்ஜின்கள் 17. மின்சார என்ஜின்கள் 72.

1960-61-ல் நீராவி என்ஜின்கள் 10,312.

1970-71-ல் 9,387.

1980-81-ல் 7,469.

1990-91-ல் 2,915.

2000-01-ல் வெறும் 54!

அதே 2000-01-ல் டீசல் என்ஜின்கள் 4,702. மின்சார என்ஜின்கள் 2,810.

மாற்றத்தின் விதை வெகு காலம் முன்பே விழுந்துவிட்டது. 1925 பிப்ரவரி 3-ந் தேதி பம்பாய் வி.டி.யில் இருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரெயில் ஓடியது. 1931-ல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் வந்தது. இவற்றில் வண்டியின் இரு கோடியிலும் டிரைவர் அறை உண்டு. திருப்பும் வேலைக்கு அன்றே முற்றுப்புள்ளி வைத்தாகிவிட்டது.

ஆனாலும் நாட்டின் மற்ற பகுதிகளில் நீராவிதான் கோலோச்சியது. மேற்கு வங்காளத்தில் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-ல் நீராவி என்ஜின் கட்டத் தொடங்கியது. 1972 வரையில் 2,351 நீராவி என்ஜின்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1970-ல் கட்டிய கடைசி அகலப்பாதை என்ஜினுக்கு 'அந்திம் சிதாரா' என்று பெயர் வைத்தார்கள். கடைசி நட்சத்திரம் என்று அர்த்தம்.

டீசல் என்ஜின் வந்ததும் சுழல் மேடை உடனே ஒழிந்துவிடவில்லை. 1962-ல் அமெரிக்காவில் இருந்து வந்து, பிறகு வாரணாசியில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜினுக்கு ஒரே ஒரு டிரைவர் அறைதான். அதுவும் ஓர் ஓரமாக இருக்கும். நீண்ட மூக்குப் பக்கம் முன்னே போனால் டிரைவருக்குப் பாதை சரியாகத் தெரியாது. ஆகவே அந்த என்ஜின்களையும் திருப்ப வேண்டி இருந்தது. நீராவி போன பிறகும் சில மேடைகள் உயிரோடு இருந்ததற்கு அதுவே காரணம். இப்போது இரு பக்கமும் அறை உள்ள டீசல் என்ஜின்களும், எங்கும் மின்சாரப் பாதையும் வந்துவிட்டன. அந்தத் தேவையும் சுருங்கிவிட்டது.

1992-ல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கியது. மீட்டர் கேஜ் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டார்கள். பயணிகளுக்கு அது பெரிய நன்மை. வழியில் வண்டி மாறி, சரக்கை இறக்கி ஏற்றும் அவதி தீர்ந்தது. ஆனால் மீட்டர் கேஜ் ஜங்ஷன்களில் இருந்த ஷெட்டுகளுக்கும் மேடைகளுக்கும் அத்துடன் வேலை போனது.

1995 டிசம்பர் 6-ந் தேதி ஜலந்தருக்கும் பெரோஸ்பூருக்கும் இடையே அகலப்பாதையின் கடைசி நீராவி ரெயில் ஓடி முடிந்தது. சில ஆண்டுகளில், நீலகிரி மலை ரெயில் நீங்கலாக, மீட்டர் கேஜிலும் நீராவி அணைந்தது.

ஆட்கள் என்ன ஆனார்கள்?

ஃபயர்மேன்களில் பலர் பயிற்சி பெற்று டீசல், மின்சார என்ஜின்களில் உதவி டிரைவர் ஆனார்கள். அனல் இல்லை, கரி இல்லை என்பதில் அவர்களுக்குச் சந்தோஷம்தான். நீராவியைப் பாடிப் புகழ்பவர்கள் இதை மறக்கக்கூடாது. கரித்தூளும் அனலும் எத்தனையோ பேரின் நெஞ்சையும் கண்ணையும் கெடுத்தன.

ஆனால் எல்லோரும் தேறிவிடவில்லை. பாய்லர் மேக்கர், தீ இறக்குபவர், குழாய் சுரண்டுபவர், கரிக் கூடை சுமந்தவர், கால் பாய் ஆகியோரின் தொழிலே ஒழிந்துவிட்டது. 'உபரி' என்று பட்டியல் போட்டு வேறு இலாகாக்களுக்கு அனுப்பினார்கள். 20 வருடம் ஒரு தொழிலில் கை தேர்ந்தவர், வேறொரு இலாகாவில் புதிய ஆளாக நின்றார். மேடையில் என்ஜினை நிறை பார்த்து நிறுத்தும் வித்தைக்கு அங்கே என்ன மதிப்பு?

குழி எங்கே போனது?

உபயோகம் இல்லாத மேடையின் கதை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் எண்ணெய் போடுவதை நிறுத்துவார்கள். அச்சு துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் தேங்கும். கொசு பெருகும். குப்பை விழும். பிறகு ஒரு நாள் பழைய இரும்பு ஏலம். கேஸ் வெட்டி வந்து பாலத்தைத் துண்டு போடும். லாரி மண் கொண்டுவந்து கொட்டும். அதன் மேல் புதிய பிளாட்பாரமோ, பார்சல் ஆபீசோ, கார் நிறுத்தும் இடமோ வந்துவிடும்.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. நகரத்தின் நடுவில் இடம் தங்கம். ரெயில்வேக்குப் புதிய பாதைகள் வேண்டும். ஆனால் பெயர்த்த பிறகு திரும்ப வைக்க முடியாத பொருள் இது. என்ஜினை மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம். குழியையும் சுற்றுச் சுவரையும் எப்படி இழுத்துக்கொண்டு போவது?

இடித்தவர்களும் காத்தவர்களும்

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் 1968-ல் நீராவி முடிவுக்கு வந்தது. ஏராளமான ஷெட்டுகளை இடித்துத் தள்ளினார்கள். டெர்பி வட்டக் கொட்டகையும் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. பிறகு அதைப் புதுப்பித்தார்கள். 2009 முதல் அது ஒரு கல்லூரி! என்ஜின்கள் நின்ற இடத்தில் மாணவர்கள் நடமாடுகிறார்கள்.

லண்டனில் கேம்டன் என்ற இடத்தில் 1847-ல் கட்டிய வட்டக் கொட்டகையின் கதை இன்னும் விசித்திரமானது. சுமார் 10 வருடத்தில் என்ஜின்கள் அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டன. கொட்டகை உபயோகம் இல்லாமல் போய், மதுபானக் கிடங்காக நீண்ட காலம் இருந்தது. 1960-களில் கலை நிகழ்ச்சிகள் நடக்கும் மன்றமாக மாறியது. 2006-ல் மீண்டும் புதுப்பித்துத் திறந்தார்கள். இன்றும் அங்கே நாடகமும் இசையும் நடக்கின்றன.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 22 பக்கங்கள் கொண்ட வட்டக் கொட்டகை 1884-ல் எழுந்தது. இப்போது அது ரெயில்வே மியூசியம். 2003 பிப்ரவரியில் பெரும் பனி பெய்து, பாரம் தாங்காமல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 'போனால் போகட்டும்' என்று விட்டுவிடவில்லை. மறு ஆண்டே சரி செய்து திறந்துவிட்டார்கள்.

ஜப்பானில் கியோட்டோ நகரின் உமேகோஜி கொட்டகை 1914-ல் கட்டப்பட்டது. 20 என்ஜின்கள் நிற்கும் இடம். அந்நாட்டில் ரெயில் ஓடத் தொடங்கி 100 ஆண்டு நிறைந்த 1972-ல் அதை நீராவி என்ஜின் மியூசியம் ஆக்கினார்கள். 2016 முதல் அது பெரிய ரெயில்வே மியூசியத்தின் பகுதி. மேடை இன்றும் சுற்றுகிறது. குழந்தைகள் கைதட்டுகிறார்கள்.

தைவானில் சாங்குவா என்ற ஊரில் 1922-ல் கட்டிய விசிறி வடிவக் கொட்டகையை இடிக்க ஏற்பாடு நடந்தது. ரெயில் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் அங்கே என்ஜின்கள் மேடையில் ஏறித் திரும்புகின்றன. வேலை செய்யும் ஷெட்டாகவே இருக்கிறது.

சான்பிரான்சிஸ்கோ நகரில் கேபிள் டிராம் வண்டிகளை இப்போதும் ஊழியர்கள் கையால் தள்ளித் திருப்புகிறார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் கூடுகிறது!

நம் நாட்டில்...

நல்ல உதாரணம் இங்கேயும் உண்டு.

அரியானாவில் ரேவாரி என்ற ஜங்ஷன். அங்கே 1893-ல் கட்டிய மீட்டர் கேஜ் லோகோ ஷெட், நீராவி நின்ற பிறகு கேட்பாரற்றுக் கிடந்தது. 2002-ல் அதைச் சீரமைத்தார்கள். 2010-ல் மியூசியமும் சேர்ந்தது. இன்று அங்கே நீராவி என்ஜின்கள் பெயருக்கு நிற்கவில்லை. தீ மூட்டினால் ஓடுகின்றன. 1855-ல் கட்டிய 'பேரி குயின்' என்ஜினுக்கும் அதுவே வீடு. சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்கு வருகிறார்கள்.

அதே 1855-ல் பிறந்த இ.ஐ.ஆர்.-21 என்ற என்ஜினை, சென்னை பெரம்பூர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 2010-ல் மீண்டும் ஓட வைத்தார்கள். பல்லாண்டு காட்சிப் பொருளாக நின்று, பல பாகங்கள் காணாமல் போன என்ஜின் அது. பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். திருச்சி பொன்மலைத் தொழிற்சாலை நீலகிரி மலை ரெயிலுக்குப் புதிய நீராவி என்ஜின்களையே கட்டிக் கொடுத்தது. கைத்திறன் இன்னும் செத்துவிடவில்லை என்பதற்கு இவை சாட்சி.

கர்நாடகத்தில் மைசூர் ரெயில்வே மியூசியம் 1979-ல் பிறந்தது. ஹூப்ளியில் 2020-ல் ஒரு மியூசியம் திறக்கப்பட்டது. பழைய என்ஜின்களையும், விளக்குகளையும், டிக்கெட் மெஷின்களையும் அங்கே பார்க்கலாம். ஊருக்கு வரும் விருந்தாளியைக் கூட்டிப் போக நல்ல இடங்கள்.

என்ன செய்யலாம்?

எல்லா மேடைகளையும் காப்பாற்ற முடியாது. அப்படி யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு ரெயில்வே மண்டலத்துக்கு ஒன்றிரண்டு மேடைகளையாவது, இருக்கும் இடத்திலேயே, சுற்றும் நிலையில் வைத்திருக்கலாம். பெரிய செலவு இல்லை. குழியில் தண்ணீர் தேங்காமல் வடிகால், அச்சுக்கு எண்ணெய், சுற்றிலும் ஒரு வேலி. பக்கத்தில் ஒரு பலகை: இது எந்த ஆண்டு வந்தது, எந்த என்ஜின்கள் இங்கே திரும்பின என்ற விவரம். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவர்களையே தள்ளிப் பார்க்கச் சொல்லலாம். தராசுத் தத்துவத்தைப் புத்தகத்தில் படிப்பதைவிட அது நன்றாக மனதில் பதியும்.

இடித்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன்பு அளவெடுத்து, படம் பிடித்து, பாலத்தில் உள்ள கம்பெனிப் பெயர்த் தகட்டையாவது கழற்றி மியூசியத்தில் வைக்கலாம்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது.

நீராவி என்ஜினில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்போது ஓய்வு வயது தாண்டிவிட்டது. மேடையைத் தள்ளிய கைகளும், நள்ளிரவில் கால் பாய் தட்டிய கதவுகளின் உள்ளே உறங்கிய பிள்ளைகளும் இன்று முதியவர்கள். அவர்கள் சொல்வதை யாரும் எழுதி வைக்கவில்லை. குழி இருந்த இடத்தையாவது பழைய வரைபடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு மனிதர் போய்விட்டால், அவர் தெரிந்து வைத்திருந்ததும் கூடவே போய்விடும்.

வீட்டில் ரெயில்வே தாத்தா இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டுப் பாருங்கள். 'டெண்டரில் பாதித் தண்ணீர் இருந்தால் என்ஜினை மேடையில் எங்கே நிறுத்துவீர்கள்?' என்று கேளுங்கள். தரையில் விரலால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு கோடு கிழித்து அவர் விளக்கத் தொடங்குவார். பேரப்பிள்ளைகள் அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.